ஓ.எக்ஸ்.ஓ. இறங்குறவங்க இறங்கலாம்

பிப்ரவரி 9

சீட்டொட்டி அவர்களுக்கு,

உங்க நிஜப் பேர் எனக்குத் தெரியாது. யார் வேணும்னாலும் சேர்ந்து வரையலாம்ங்கற இந்த வரைபடத்துல 'சீட்டொட்டி'ன்னு பேர் வெச்சுக்கிட்டுத் திரியறீங்க. அதனால வரைபடத்தோட தபால் பெட்டியிலயே அந்தப் பேருக்கு எழுதறேன். நான் அதே வரைபடத்துல 'லிஃப்ட்காரி'. லிஃப்டுக்குள்ள ஏறினா கதவுக்கு மேல சிவப்பா மாடி எண் மின்னுமே, அந்தச் சின்ன போர்டுக்கு ப்ரோக்ராம் எழுதறதுதான் என் பொழப்பு.

வரைபடத்துல ஒவ்வொரு ரயில்வே ஸ்டேஷன் புள்ளி மேலயும் டேக் டேக்கா ஒட்டி வெச்சிருப்போம். ஒண்ணுல ஸ்டேஷன் பேர். இன்னொண்ணுல, ரயில்வே அந்த ஸ்டேஷனுக்குக் குடுத்திருக்கிற மூணெழுத்துக் குறியீடு. எங்க லைன்ல இருக்கிற எல்லா ஸ்டேஷனுக்கும் 'குறியீடு'ங்கற டேக்ல அதைப் போட்டவ நான். போன வாரம் நீங்க எங்கிருந்தோ வந்தீங்க. அத்தனையையும் ஒரே மூச்சுல அள்ளி 'ரயில்வே குறியீடு'ன்னு வேற டேக்ல வெச்சீங்க. 'சீர்படுத்தப்பட்டது'ன்னு கீழ ஒரு குறிப்பு எழுதிட்டுப் போயிட்டீங்க.

உங்க சீர் என்ன பண்ணிச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

எனக்கு ஒரு நாத்தனார். வீட்டுல 'சின்னவ'ன்னு கூப்பிடுவோம், வயசு முப்பத்திரண்டு ஆகுது. போன வருஷம் மூளையில ஒரு ரத்தக்குழாய் அடைச்சுக்கிச்சு. கை, கால், பேச்சு எல்லாம் கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கு. படிக்கறது மட்டும் போயிடுச்சு. எழுத்து தெரியும், ஆனா ஒவ்வொண்ணாத்தான் தெரியும். சேர்த்துப் பார்த்தா கலங்கிடுது. எங்க ஸ்டேஷன் போர்டுல எல்லாம் முழ நீளத்துக்குப் பேரு. அவ அதை எழுத்துக்கூட்டி முடிக்கறதுக்குள்ள வண்டி கிளம்பிடும். ஸ்டேஷன்களும் எல்லாம் ஒரே அச்சு, கூரையும் பெஞ்சும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆனா மூணெழுத்துன்னா முடிச்சுடுவா. அதனால அவ போன்ல, நம்ம லிஃப்ட் போர்டு மாதிரியே, அடுத்து வர்ற ஸ்டேஷனோட மூணெழுத்தைப் பெருசா காட்டற மாதிரி ஒண்ணு பண்ணிக் குடுத்தேன். அது வரைபடத்துல 'குறியீடு' டேக்கைத்தான் பார்க்கும். அதை நம்பித்தான் அவ வேலைக்குத் தனியா போயிட்டு வந்துட்டிருந்தா.

போன வியாழக்கிழமை வழக்கமான வண்டி ரத்து. அடுத்த வண்டியில, தெரியாத கூட்டத்துக்கு நடுவுல ஏறியிருக்கா. போன்ல ஒண்ணுமே வரலை. நெட் மெதுவா இருக்கு போல, வந்துடும் வந்துடும்னு உட்கார்ந்தே இருந்திருக்கா. கடைசி ஸ்டேஷனும் தாண்டி, வண்டி கழுவற யார்டுல போய் நின்னப்புறம், தொடைப்பத்தோட ஏறின அம்மா பார்த்து இறக்கி விட்டிருக்காங்க.

அவ அண்ணன், அதாவது எங்க வீட்டு ஆளு, இனிமே தனியா எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. அவ சண்டை போடலை. போனை மேசை மேல வெச்சுட்டு உள்ள போயிட்டா. சண்டை போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

எல்லாத்தையும் பழையபடி மாத்துங்க. இன்னிக்கே.

லிஃப்ட்காரி


பிப்ரவரி 12

லிஃப்ட்காரி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வெட்கமாக இருந்தது. உங்கள் நாத்தனார் அந்த யார்டில் எப்படிப் பயந்திருப்பார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

ஆனால் மாற்றியதைத் திரும்ப மாற்ற மாட்டேன். தயவுசெய்து இதற்கு மேலும் படியுங்கள்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வந்து குவியும் கண்ணாடிக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவது என் வேலை, அதனால்தான் அந்தப் பெயர். 'எண்' என்று மொட்டையாக எழுதின குழாய் வந்தால் நான் கையில் வாங்க மாட்டேன். எந்த எண்? நோயாளியின் எண்ணா, கட்டிலின் எண்ணா, அலமாரியின் எண்ணா? உங்கள் 'குறியீடு' டேக்கும் அப்படித்தான் மொட்டையாக நிற்கிறது. உங்கள் லைனில் அது ஸ்டேஷனின் மூன்றெழுத்து. பக்கத்து லைனில் ஒரு புண்ணியவான் அதே டேக்கில் நடைமேடை எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார். அதற்கும் அடுத்த லைனில் ஸ்டேஷன் வாசலில் இருக்கும் பஸ் நிறுத்தத்தின் எண்ணைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் நாத்தனார் என்றைக்காவது அந்தப் பக்கம் போனால் போனில் பெரிதாக '4' என்று வரும். அவர் எங்கே இறங்குவார்?

இதை வரைபடக் குழுவில் மாதக்கணக்கில் பேசினோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டோம். நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. உங்கள் ப்ரோக்ராமில் டேக் பெயரை ஒரே ஒரு இடத்தில் மாற்றினால் போதும், மறுபடி வேலை செய்யும்.

இன்னொரு விஷயம். உங்கள் லைனில் எல்லாக் குறியீட்டையும் ரயில்வே கால அட்டவணையோடு ஒப்பிட்டேன். ஒன்றே ஒன்று இடிக்கிறது. நீளமான பெயருள்ள அந்தச் சின்ன நிறுத்தத்துக்கு ஓ.எக்ஸ்.ஓ. என்று போட்டிருக்கிறீர்கள். அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. இது எங்கிருந்து வந்தது? கோபிக்காதீர்கள், எனக்கு மண்டையைக் குடைகிறது.

சீட்டொட்டி


பிப்ரவரி 15

சீட்டொட்டி சார்,

முதல்ல, அம்மான்னு எழுதாதீங்க. எனக்கு முப்பத்தெட்டுதான் ஆகுது. உங்க எழுத்தைப் பார்த்தா நீங்கதான் தாத்தா மாதிரி இருக்கீங்க.

மாத்திட்டேன். ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவதுக்கும் நடுவுல லிஃப்ட் கூண்டு மேல உட்கார்ந்துக்கிட்டு, ஒரு கையில டார்ச், ஒரு கையில போன். நீங்க சொன்ன மாதிரி ஒரே இடம்தான். மாத்தி முடிச்சப்புறம் இன்னும் வயித்தெரிச்சலா இருந்துச்சு, இவ்வளவு சின்ன விஷயத்துக்கா அவ யார்டுல நின்னான்னு.

'4'ன்னு வரும்னு எழுதியிருந்தீங்களே, அதைப் படிச்சுட்டுப் பக்கத்து லைனைப் போய்ப் பார்த்தேன். நிஜம்தான். கூத்தா இருக்கு. ஒருத்தர் டேக்குக்குள்ள தன் போன் நம்பரையே போட்டு வெச்சிருக்காரு.

ஆனா எங்க வீட்டுல கதை முடியலை. எங்க வீட்டு ஆளு ஒரே கேள்விதான் கேக்கறாரு. "இன்னிக்கு நீ மாத்திட்ட. நாளைக்கு இன்னொரு சீட்டொட்டி வந்து இன்னொண்ணு மாத்துவான். அப்ப?" அவரு கெட்டவரு இல்லை சார். தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ராத்திரி பகல் பார்க்காம நாற்காலியிலயே உட்கார்ந்திருந்த மனுஷன். அந்தப் பயம் அவரை விடலை, அவளையும் விடமாட்டேங்குது.

சின்னவ நீச்சல் சொல்லிக் குடுக்கறவ. பொம்பளைங்களுக்கு மட்டும்னு காலையில ஒரு வகுப்பு. தண்ணியைப் பார்த்தாலே நடுங்கறவங்களைக் கையைப் பிடிச்சு இறக்கி, ஒரு மாசத்துல மிதக்க விட்டுடுவா. உடம்பு சரியானதும் அவ முதல்ல கேட்டது குளத்துக்கு எப்பப் போகலாம்னுதான். இப்ப குளத்துக்காரங்க வேற ஆளு தேட ஆரம்பிச்சுட்டாங்க. மார்ச் தாண்டினா வேலை போயிடும். கொண்டு போய் விடலாம்னா எங்க ரெண்டு பேருக்கும் வேலை எதிர்த் திசையில. அவளும் ஒத்துக்க மாட்டா. "குழந்தையா நான்? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறவ எப்படி மத்தவங்களை ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போவா?"ன்னு கேக்கறா.

போன் வாய்விட்டுப் பேர் சொல்லட்டுமேன்னு கேப்பீங்க, எல்லாரும் கேக்கறாங்க. வண்டி சத்தத்துல கேக்காது. கேட்டாலும், தனக்குப் படிக்க வராதுங்கறது பெட்டி முழுக்கத் தெரியறதை அவ விரும்பலை. அன்னிக்குப் பக்கத்துல இருக்கறவங்களைக் கேக்காம உட்கார்ந்திருந்ததும் அதனாலதான்.

அந்த ஓ.எக்ஸ்.ஓ.வை விடுங்க. அதெல்லாம் ஒண்ணுமில்லை.

லிஃப்ட்காரி


பிப்ரவரி 20

லிஃப்ட்காரி மேடம்,

தாத்தா இல்லை, நாற்பத்தொன்று. ஆனால் என் மனைவியும் நீங்கள் சொன்னதையே சொல்லிச் சிரிக்கிறாள்.

உங்கள் நாத்தனாருக்கு எழுத்துகள் எப்படித் தெரிகின்றன என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நேற்று ஒரு அட்டையில் சின்ன ஓட்டை வெட்டி, செய்தித்தாள் மேல் நகர்த்தி நகர்த்தி, ஒரு எழுத்து மட்டும் தெரிகிற மாதிரி படித்துப் பார்த்தேன். மூன்றாவது சொல்லுக்குள் முதல் சொல்லை மறந்துவிட்டேன். மனைவி வந்து, "ஆபீஸ்ல ஏதாவது சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

உங்கள் கணவர் கேட்டது சரியான கேள்வி. நாளைக்கு இன்னொருவன் மாற்றினால்? அதற்குப் பதில் ஒன்றுதான். எல்லாரும் ஒரே டேக் என்று ஒத்துக்கொண்டு, அதை வரைபட விதியாக எழுதி வைக்க வேண்டும். அப்புறம் எவனாவது கை வைத்தால் மற்றவர்களே பிடித்துத் திருத்திவிடுவார்கள். 'ரயில்வே குறியீடு' என்பதை ஓட்டுக்கு விட்டிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். யாருக்காகக் கேட்கிறோம் என்பதை எழுதுங்கள். நடைமேடைக்காரரும் பஸ் நிறுத்தக்காரரும் ஆளுக்கொரு பிடிவாதத்தில் இருக்கிறார்கள். என் வாதத்தைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்துவிட்டது.

ஓ.எக்ஸ்.ஓ.வை விடச் சொன்னீர்கள். என்னால் விட முடியவில்லை. நீங்கள் அதை அவ்வளவு அவசரமாக ஒதுக்கினதால்தான் விட முடியவில்லை. தலைகீழாக நின்று தேடிவிட்டேன். அந்த நிறுத்தத்துக்கு ரயில்வே குறியீடே வைக்கவில்லை. அப்படியானால் இதை வைத்தது யார்?

தரையில் இல்லாதது வரைபடத்தில் இருக்கக் கூடாது. நம் எல்லாருக்கும் அது முதல் விதி. ஓட்டு நடக்கும்போது எதிர்த்தரப்பில் யாராவது இதைக் கண்டுபிடித்தால், 'பாருங்கள், இவர்கள் குறியீட்டையே கற்பனை செய்கிறார்கள்' என்று மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிடுவார்கள். காரணம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நான் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

சீட்டொட்டி


பிப்ரவரி 23

சீட்டொட்டி சார்,

நான்தான் வெச்சேன். போதுமா?

குளம் இருக்கிறது அந்த நிறுத்தத்துலதான். அவ இறங்க வேண்டிய ஒரே இடம் அது. ரயில்வேகாரங்க போற வர்ற எல்லா ஸ்டேஷனுக்கும் மூணெழுத்து வெச்சுட்டு, அவ இறங்கற இடத்துக்கு மட்டும் வைக்கலை. சின்ன நிறுத்தமாம். என்ன பண்ணச் சொல்றீங்க?

சாப்பாட்டு மேசையில எழுத்து அட்டைகளைப் பரப்பி வெச்சு, ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். எந்த எழுத்து அவளுக்குச் சட்டுனு பிடிபடுதுன்னு ஒவ்வொண்ணா பார்த்தோம். எம்-மும் என்-னும் அவளைப் படுத்தி எடுத்துச்சு. ஈ-யும் எஃப்-பும் அண்ணன் தம்பி மாதிரி இருக்குன்னு தூக்கி எறிஞ்சா. கடைசியில ஓ-வைக் கையில எடுத்து, "அண்ணி, இது முட்டை"ன்னா. எக்ஸை எடுத்து, "இது பெருக்கல்"னா. முட்டை, பெருக்கல், முட்டை. எழுத்துக்கூட்டவே வேண்டாம், பார்த்ததும் தெரியுது. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் அவ அவ்வளவு சிரிச்சு நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். அதை எடுத்துட்டுப் போய் வரைபடத்துல போட்டேன். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லைன்னு நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

ஓட்டுக்கு எழுதிட்டேன். நடைமேடைக்காரர் பதில் போட்டிருக்காரு, 'இதை ஏன் முன்னாடியே சொல்லலை'ன்னு. அவரு உங்க பக்கம் வந்துடுவாருன்னு தோணுது.

கீழ இருக்கிற வரி சின்னவ எழுதினது. அவளால எழுத முடியும், எழுதினதைப் படிக்கத்தான் முடியாது. டாக்டர் அதுக்கு ஏதோ பேர் சொன்னாரு, எனக்கு வாயில நுழையலை.

'சார், முட்டையை எடுத்துடாதீங்க. இந்த வரியை என்னாலயே படிக்க முடியாது, தப்பு இருந்தா அண்ணியைத் திட்டுங்க.'

லிஃப்ட்காரி


மார்ச் 4

மேடம்,

ஓட்டில் ஜெயித்துவிட்டோம். நடைமேடைக்காரர் மட்டுமில்லை, பஸ் நிறுத்தக்காரரும் மாறி ஓட்டுப் போட்டார். இனி எந்த லைனாக இருந்தாலும் ஸ்டேஷனின் மூன்றெழுத்து 'ரயில்வே குறியீடு' டேக்கில்தான் இருக்கும். விதியாக எழுதியாயிற்று. உங்கள் கடிதம் இல்லாமல் இது நடந்திருக்காது.

ஓ.எக்ஸ்.ஓ.வை எடுத்துவிட்டேன்.

இதை எழுதவே எனக்குக் கை வரவில்லை. உங்கள் நாத்தனார் எழுதிய வரியை என் மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். அது ரயில்வே வைத்ததில்லை, அந்த டேக்கில் அதற்கு இடமில்லை. இன்று நான் ஒரு நல்ல காரணத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டால், நாளைக்கு ஒருவன் தன் காதலியின் பெயரை ஒரு ஸ்டேஷனுக்கு வைப்பான். அவனைக் கேட்க எனக்கு வாய் இருக்காது.

குறியீட்டை வரைபடத்தில் வைக்காமல் உங்கள் ப்ரோக்ராமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமே? அந்த ஒரு நிறுத்தம் வந்தால் மட்டும் ஓ.எக்ஸ்.ஓ. காட்டு என்று எழுதிவிட்டால் உங்கள் நாத்தனாருக்கு வித்தியாசமே தெரியாது.

சீட்டொட்டி


மார்ச் 6

சீட்டொட்டி அவர்களுக்கு,

எடுத்துட்டீங்க. அவ அவ்வளவு கேட்டும் எடுத்துட்டீங்க. உங்க மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

நீங்க சொன்ன மாதிரியே ப்ரோக்ராமுக்குள்ள வெச்சுட்டேன். வரைபடத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் தானா ஒரு எண் விழுமே, அந்த நிறுத்தத்தோட எண்ணைக் குறிச்சு, 'இந்த எண் வந்தா ஓ.எக்ஸ்.ஓ.'ன்னு எழுதியிருக்கேன். எனக்கு இது பிடிக்கலை. லிஃப்ட் போர்டுல நாங்க இப்படிச் செஞ்சா சீனியர் காதைத் திருகுவாரு, ஒட்டுப் போட்ட வேலைன்னு. ஆனா வேற வழி இல்லை.

எங்க வீட்டு ஆளை ஒருவழியா இறக்கிட்டேன். விதி எழுதியாச்சு, இனிமே எவனும் மாத்த முடியாதுன்னு உங்க ஓட்டுக் கதையைத்தான் சொன்னேன். ஒரு நிபந்தனை போட்டிருக்காரு. பதினாறாம் தேதி திங்கட்கிழமை காலையில அவ தனியா போகணும். சரியான இடத்துல இறங்கிட்டா, அப்புறம் வாயே திறக்க மாட்டாராம். தவறினா, அன்னிக்கே குளத்துக்குப் போய் வேலைக்கு வரமாட்டான்னு சொல்லிடுவாராம். அவளும் சரின்னுட்டா. அவளுக்குத் தெரியாம இவரு அதே பெட்டியில பின்னாடி உட்கார்ந்து வரப் போறாரு. அவ எப்பவும் ஏறற ஆறே கால் வண்டி, முன்னாலிருந்து மூணாவது பெட்டி.

நான் அன்னிக்கு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டிருப்பேன். பயமா இருக்கு சார். உங்க மேல கோபம் தீரலை, ஆனா இதைச் சொல்ல வேற ஆளும் இல்லை.

லிஃப்ட்காரி


மார்ச் 18

மேடம்,

உங்கள் வீட்டில் இதற்குள் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. நான் அந்தப் பெட்டியில் இருந்தேன்.

ஆமாம், வந்தேன். இரண்டு நாள் லீவு போட்டு, முந்தின நாளே வந்து உங்கள் லைன் ஆரம்பிக்கிற ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினேன். ஓ.எக்ஸ்.ஓ.வை எடுத்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. அந்த இடம் எப்படி இருக்கும் என்று பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

உங்கள் நாத்தனாரைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மடியில் இருந்த போனில் எழுத்து அவ்வளவு பெரிது, நாலு வரிசை தள்ளியும் தெரிகிறது. உங்கள் கணவரையும் கண்டுபிடித்துவிட்டேன். ஏறினதிலிருந்து செய்தித்தாளின் ஒரே பக்கத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இப்போது நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டியில் ஒலிபெருக்கி கரகரவென்று இழுக்கிறது, ஒரு சொல் விளங்கவில்லை. ஜன்னலோரத்தில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் வெளியே தெரியாது. வண்டி வேகம் குறையும்போதெல்லாம் அந்தப் பெட்டியில் இருக்கிறவர்கள் உங்கள் நாத்தனாரின் போனைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், "அக்கா, இத்தனை நாளா எங்க போயிட்டீங்க? நீங்க இல்லாம ரெண்டு தடவை தாண்டிப் போயிட்டேன். இப்ப எது வருது?" என்று கேட்டாள். இவர் போனைத் திருப்பிக் காட்டினார். கருவிப் பெட்டியோடு நின்றிருந்த ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டு கதவுப் பக்கம் போனார். இவருக்குப் படிக்க வராது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெட்டிக்கு ஸ்டேஷன் படித்துச் சொல்கிறவரே அவர்தான்.

குளத்து நிறுத்தம் நெருங்கியது. போன் வெற்றாக நின்றது.

ஏன் என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். ஓ.எக்ஸ்.ஓ.வை எடுத்த குற்ற உணர்வில், அந்த நிறுத்தத்துக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று நினைத்தேன். விண்ணிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து, வெறும் புள்ளியாக இருந்ததை அழித்து, மேடை, கூரை, படிக்கட்டு, பெஞ்சு என்று அழகாகக் கட்டம் கட்டி வரைந்து வைத்தேன். புள்ளி போனால் அதன் எண்ணும் போகும். உங்கள் கடிதத்தில் எண்ணை வைத்துத்தான் எழுதியிருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அதைப் படித்தும்கூட எனக்கு உறைக்கவில்லை. நான் வரைந்த பெஞ்சு அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

உங்கள் நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பினார். போர்டு நகர்ந்துகொண்டிருந்தது. உதடு ஒவ்வொரு எழுத்தாக அசைந்தது. உங்கள் கணவர் செய்தித்தாளை மடக்கினார். நானும் பாதி எழுந்துவிட்டேன், எழுந்து என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாமல்.

அந்தப் பைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "என்னக்கா, போன் தூங்கிடுச்சா? ஓ.எக்ஸ்.ஓ. வந்தாச்சே" என்றாள். கதவருகே நின்ற கருவிப் பெட்டிக்காரர் உள்ளே திரும்பிக் கத்தினார். "ஓ.எக்ஸ்.ஓ.! இறங்குறவங்க இறங்கலாம்!" நாலைந்து பேர் எழுந்தார்கள். உதவி செய்கிற மாதிரி யாரும் சொல்லவில்லை மேடம். அந்த இடத்துக்கு அதுதான் பெயர் என்கிற மாதிரி சொன்னார்கள். உங்கள் நாத்தனார் ஒரு நொடி அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து, அவர்களோடு சேர்ந்து இறங்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் என்ன வெட்கம்.

நானும் குதித்து இறங்கினேன். அவரிடம் போய்ப் பேசத் தைரியம் வரவில்லை. திரும்பிப் போக டிக்கெட் எடுக்கக் கவுண்டருக்குப் போய், இது எந்த நிறுத்தம் என்று தெரியாதவன் போலக் கேட்டேன். கவுண்டர்காரர் அந்த நீளப் பெயரைச் சொல்லிவிட்டு, "அந்தப் பேரைச் சொன்னா இங்க ஒருத்தருக்கும் தெரியாது சார். ஓ.எக்ஸ்.ஓ.ன்னு கேளுங்க" என்றார். யார் வைத்தது என்று கேட்டேன். "யாருக்குத் தெரியும், வண்டியில எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றார்.

அங்கேயே, நான் வரைந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து வரைபடத்தைத் திறந்தேன். பெஞ்சை ஓரடி தள்ளி வரைந்திருந்தேன், அதைத் திருத்தினேன். நம் விதிகளில் 'உள்ளூர்க் குறியீடு' என்று ஒரு டேக் உண்டு. அரசாங்கம் வைக்காமல் ஜனங்கள் வாயால் வழங்குகிற குறியீட்டுக்கானது. அதில் ஓ.எக்ஸ்.ஓ. என்று போட்டேன். ஆதாரம் என்ற இடத்தில் 'மூன்றாவது பெட்டியில் என் காதால் கேட்டது' என்று எழுதினேன். தரையில் இருக்கிறது மேடம். இனி எவனும் எடுக்க முடியாது. நானே வந்தாலும் முடியாது.

உங்கள் கணவர் மட்டும் இறங்கவில்லை. வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தங்கை நடந்து போவதையே பார்த்துக்கொண்டு, மடக்கின செய்தித்தாளோடு நின்றுகொண்டிருந்தார்.

சீட்டொட்டி


மார்ச் 21

சீட்டொட்டி சார்,

எங்க வீட்டு ஆளு அன்னிக்கு மூணு ஸ்டேஷன் தாண்டிப் போய்த்தான் இறங்கியிருக்காரு. எல்லா எழுத்தும் படிக்கத் தெரிஞ்ச மனுஷன்! ராத்திரி சாப்பிடறப்ப சொல்லலாமா வேண்டாமான்னு முழிச்சு, கடைசியில தானே சொல்லிட்டாரு. சின்னவ தட்டைத் தள்ளி வெச்சுட்டுச் சிரிச்சா. பின்னாடியே ஒளிஞ்சு வந்ததுக்காக அவகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாரு. சொன்ன வாக்குப்படி, அவ தனியா போறதைப் பத்தி வாயே திறக்கலை. மறுநாள் காலையில அவ போனுக்கு அவரே சார்ஜ் போட்டு எடுத்து வெச்சிருந்தாரு.

அவ போன் வெற்றா நின்னதுக்கு உங்களைத் திட்டணும்னுதான் ஆரம்பத்துல போனை எடுத்தேன். வரைபடத்துல அந்த பெஞ்சைப் பார்த்தேன், திட்ட வரலை. ஒட்டுப் போட்ட வேலையைத் தூக்கிட்டேன். இப்ப ப்ரோக்ராம் முதல்ல 'ரயில்வே குறியீடு' பார்க்கும். அது இல்லைன்னா 'உள்ளூர்க் குறியீடு' பார்க்கும். எந்த லைன்ல வேணும்னாலும் ஓடும். நேத்து குளத்துக்கு லீவு. எங்கிட்டயே சொல்லாம பக்கத்து லைன்ல ஏறி, கடைசி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கா. ஏன்டின்னு கேட்டேன். "அங்கெல்லாம் என்ன எழுத்து வெச்சிருக்காங்கன்னு பார்க்கப் போனேன் அண்ணி"ங்கறா.

பெட்டியில எல்லாரும் தன் போனைப் பார்த்து இறங்கறது அவளுக்கு முன்னாடியே தெரியுமாம். சும்மா போன் பெருசா இருக்குன்னு பார்க்கறாங்கன்னு நினைச்சிருக்கா. உங்க கடிதத்தை அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். அந்தப் பைக்காரப் பொண்ணு வர்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னா. அப்புறம் இன்னொரு தடவை படிக்கச் சொன்னா.

பேனாவை வாங்கி ஒரு தாள்ல அவளே எழுதியிருக்கா. நான் ஒரு எழுத்தும் திருத்தாம அப்படியே இங்க அடிச்சிருக்கேன்.

'சார், அடுத்த தடவை வந்தா ஒளிஞ்சு உட்காராதீங்க. என் பக்கத்துல வந்து உட்காருங்க. நீங்க எங்க இறங்கணும்னு நான் பார்த்துச் சொல்றேன்.'

லிஃப்ட்காரி